கப்பல் ஏற்றது, கரை மறுத்தது!

வெந்நீர் நின்றது. அறைகளை இதமாக வைத்திருந்த நீராவிச் சூடும் நின்றது. நள்ளிரவு கடந்த நேரம். 1912ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 15ஆம் நாள். கார்ப்பேதியா என்னும் கப்பலில் உறங்கிக்கொண்டிருந்த சீமான்களும் சீமாட்டிகளும் குளிர் தாங்காது விழித்தனர். "என்ன நேர்ந்தது?" என்று கேட்டவர்களிடம், "அறைக்குள்ளேயே இருங்கள்" என்றனர் பணியாளர்கள். கப்பலோ, என்றுமில்லாத வேகத்தில் அதிர்ந்துகொண்டு, தான் செல்லவேண்டிய திசையை விட்டு வேறு திசையில் விரைந்துகொண்டிருந்தது.

ஏப்ரல் 11ஆம் நாள் நியூயார்க்கை விட்டுக் கிளம்பிய கப்பல் அது. ஜிப்ரால்டர், ஜெனோவா, நேப்பிள்ஸ், டிரியெஸ்டே, பியூமே என்று நடுநிலக் கடற்கரை ஊர்களைச் சுற்றிக் காட்டப் புறப்பட்டது. மேல் தளத்தில் ஐரோப்பாவின் இளவேனிலைக் கண்டு களிக்கச் சென்ற அமெரிக்கச் செல்வர்கள். கீழ்த்தளத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் உடலைத் தேய்த்துவிட்டு ஊர் திரும்பும் அங்கேரியரும் இத்தாலியரும். ஏறத்தாழ 740 பேர். பெரிய கப்பல் என்று சொல்வதற்கில்லை. 13,600 டன் கொள்ளளவு. மணிக்குப் பதினான்கு கடல் மைல் சென்றால் போதும் என்று கட்டப்பட்டது. அந்தச் சாதாரணக் கப்பல்தான் அன்றிரவு மனிதகுல வரலாற்றில் ஓரிடம் பெற்றது. எப்படிப் பெற்றது என்பதை நாம் சற்று விரிவாகவே காண வேண்டும். காரணம், இந்த நிகழ்ச்சியைச் சொல்லும்போதெல்லாம் 'ஆண்டவன் அருள்' என்ற சொல்லைக் கொண்டுவந்து ஒட்டும் அன்பர்கள் நம்மிடையேயும் உண்டு.

கார்ப்பேதியாவில் கம்பியில்லாத் தந்தி இயக்க ஒரே ஓர் இளைஞன். பெயர் ஹெரால்டு காட்டம். வயது 21. பகல் முழுதும் வேலை செய்தவன் இரவில் படுக்கைக்குப் போக ஆயத்தமானான். வேறொரு கப்பலிலிருந்து வரவேண்டிய மறுமொழிக்காகக் காதுக் கருவியைக் கழற்றாமலிருந்தான். போகிற போக்கில், டைட்டானிக்குக்குக் கரையிலிருந்து செய்திகள் காத்திருப்பதை அறிந்து, அதைச் சொல்லிவிடலாமே என்று அழைத்தான். வந்த மறுமொழி: பனிமலையில் மோதிவிட்டோம், உடனே வாருங்கள் என்பது! இன்னும் பத்து நிமிடம் முன்னதாக அவன் விளக்கை அணைத்திருந்தால்? அந்தக் கேள்வியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் அதற்கு வருவோம்.

காப்டன் ஆர்தர் ராஸ்ட்ரன் படுத்திருந்தார். கதவைத் தட்டாமல் நுழைந்தவனைக் கண்டு முதலில் சினம். செய்தி கேட்டதும், கப்பலைத் திருப்புங்கள் என்று முதலில் ஆணையிட்டார். செய்தி உறுதிதானா என்று அதற்குப் பிறகுதான் கேட்டார். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டுகிறோம். 'விசாரித்து, ஆலோசித்து, மேலிடத்திற்கு எழுதி' என்ற வரிசை அல்ல அது. உயிர் போகிறது என்றான் ஒருவன், திருப்பினான் மற்றொருவன். ஐயம் தீர்வது ஓடும் கப்பலில் நடக்கட்டும்!

இடையே 58 கடல் மைல். அதன் பிறகு அந்த மனிதர் பிறப்பித்த ஆணைகளைப் படிக்கும்போது, ஏதோ போர்க்களத் திட்டத்தைப் படிப்பது போலிருக்கிறது. ஓய்விலிருந்த நெருப்புத் தொழிலாளர்களையும் எழுப்பிக் கரி போடச் செய்தார். நீராவி ஒரு துளியும் வீணாகாதிருக்க அறைகளின் வெப்பத்தை நிறுத்தினார். கப்பலில் மூன்று மருத்துவர்கள்: ஆங்கிலேயர், இத்தாலியர், அங்கேரியர். ஒவ்வொரு வகுப்பின் உணவுக் கூடத்திலும் ஒருவர். சூப்பும் காப்பியும் கொதிக்கட்டும், கம்பளிகள் வாசலில் குவியட்டும், பக்கவாட்டுக் கதவுகள் திறக்கட்டும், ஏணி ஏற இயலாதவர்க்கு நாற்காலிக் கயிறு, குழந்தைகளைத் தூக்கக் கித்தான் பைகள், அலையடங்க ஊற்றுவதற்கு எண்ணெய், பார்வையாளர் கூடுதலாக, பின்னர் கால் மணிக்கு ஒரு முறை வாணம், 'வருகிறோம்' என்று சொல்ல. இருட்டில் பனிமலைகளை ஒவ்வொன்றாகக் கண்டு விலகிக்கொண்டே வேகம் குறையாது வந்தது கார்ப்பேதியா. டைட்டானிக் 2.20க்கே மூழ்கிவிட்டது. 4 மணி அளவில் இவர்கள் வந்து சேர்ந்தபோது கப்பல் இல்லை, படகுகள் இருந்தன. 8.30 வரை படகு படகாக ஏற்றினர். ஏறத்தாழ 710 உயிர்கள்!

ராஸ்ட்ரன் பக்திமான். அதை மறைக்க வேண்டிய தேவை நமக்கில்லை. தொப்பியைச் சற்றே உயர்த்தி, உதடு மட்டும் அசையப் பிரார்த்திப்பது அவர் வழக்கம் என்று உடனிருந்தோர் எழுதியிருக்கின்றனர். விடிந்த பிறகு, தாம் கடந்துவந்த பனிமலைகளை வெளிச்சத்தில் கண்டு நடுங்கிய அவர், சுக்கானைப் பிடித்தது தம் கை மட்டுமல்ல, வேறொரு கையும் என்றார். நல்ல மனிதரின் அடக்கம் அது. அதை எள்ளி நகையாட மாட்டோம். ஆனால் கேட்க உரிமை உண்டல்லவா? அந்தக் கை கார்ப்பேதியாவின் சுக்கானுக்கு வந்தது என்றால், டைட்டானிக்கின் சுக்கானுக்கு ஏன் வரவில்லை? அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் டைட்டானிக்கில் வழிபாடு நடந்தது. மாலையிலும் துதிப்பாடல்கள் பாடினர். பாடியவர்களில் எத்தனை பேர் மறுநாள் உயிரோடிருந்தனர்? 710 பேரை ஏற்றியவை நாம் பெயர் சொல்லிக் காட்டக்கூடியவை: தந்திக் கருவி, நிலக்கரி, அதை வாரிப்போட்ட கைகள், கூடுதலாக நின்ற கண்கள், திருப்பு என்று சொன்ன ஒரு நெஞ்சு. அந்தக் கண்களும் கைகளும் கூலிக்கு உழைத்தவர்களுடையவை. அவர்களை விட்டுவிட்டுக் காணாத கைக்கு மாலை சூட்டுவது நன்றியறிதல் ஆகாது.

அந்த நன்றியும் பின்னர் எப்படி அளக்கப்பட்டது தெரியுமோ? தப்பிப் பிழைத்தோர் காப்டனுக்கு வெள்ளிக் கோப்பை வழங்கினர். பணியாளர் அனைவர்க்கும் பதக்கம் அளித்தனர். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் உயர் அதிகாரிக்குப் பொன், அடுத்தவர்க்கு வெள்ளி, கரி அள்ளியவனுக்கு வெண்கலம்!

அன்றிரவு அருகிலேயே இன்னொரு கப்பல் நின்றது. கலிபோர்னியன் அதன் பெயர். பனிப்பரப்பைக் கண்டு, இரவு 10.20 மணி அளவிலேயே இயந்திரத்தை நிறுத்திவிட்டு விடியலுக்குக் காத்திருந்தது. அதிலும் தந்தியாள் ஒருவனே. பனி சூழ்ந்துவிட்டது என்று டைட்டானிக்குக்கு எச்சரிக்கை சொல்லப் போனான். அங்கே செல்வர்களின் வாழ்த்துத் தந்திகளை அனுப்புவதில் மூழ்கியிருந்தவன், குறுக்கிடாதே என்று அதட்டினான். இவன் 11.30 அளவில் கருவியை மூடிவிட்டு உறங்கினான். பத்து நிமிடத்தில் மோதல்! பிறகு அந்தக் கப்பலின் மேல் தளத்தில் நின்றவர்கள் வானில் வெள்ளை வாணங்கள் வெடிப்பதைக் கண்டனர். காப்டனிடம் சொன்னார்கள். விளக்கால் சைகை செய்து பாருங்கள் என்றார். தந்தியாளை எழுப்ப எவருக்கும் தோன்றவில்லை. எழுப்பியபோது காலை 5.30. பிரிட்டிஷ் விசாரணை மன்றம், இந்தக் கப்பல் வந்திருந்தால் பலரைக் காத்திருக்கலாம் என்று கூறிற்று. இடைத்தூரம் எவ்வளவு என்ற வழக்கு இன்றுவரை ஓயவில்லை. வாணங்களைக் கண்டார்கள் என்பதில் வழக்கில்லை.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். ஒருவன் விழித்திருந்தான், ஒருவன் உறங்கினான். இதை 'விதி' என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் அடுத்த கப்பலிலும் அதே விதி காத்திருக்கும். அவர்கள் அப்படி இருக்கவில்லை. 1912 ஆகஸ்டிலேயே அமெரிக்கா தந்திச் சட்டம் இயற்றிற்று. 1914 ஜனவரி 20இல் லண்டனில் பல நாட்டினர் கூடிக் கடலில் உயிர்க்காப்புக்கென ஓர் ஒப்பந்தம் செய்தனர். படகுகளின் எண்ணிக்கை கப்பலின் டன் அளவைப் பொறுத்ததன்று, தலைகளைப் பொறுத்தது என்று எழுதினர். டைட்டானிக் 46,000 டன். அதற்குரிய பழைய விதியோ 1894இல், 10,000 டன்னோடு கணக்கை நிறுத்திக்கொண்ட விதி! ஆகவே ஏறத்தாழ 2,200 பேர் சென்ற கப்பலில் 1,178 பேருக்கே படகு. அதுவும் சட்டம் கேட்டதைவிடக் கூடுதல். விதிப்படி நடந்தார்கள், விதிப்படி மூழ்கினார்கள். பனிமலைகளைக் கண்காணிக்க ஒரு காவற்படையும் 1914இல் ஏற்பட்டது. தற்செயலாக விழித்திருந்த ஓர் இளைஞனின் இடத்தில், முறை வைத்து விழித்திருக்கும் கடமையை வைத்தது மனித அறிவு.

கடலில் தத்தளிப்பவனைக் காக்க வேண்டும் என்பது தொன்றுதொட்டு வந்த அறம் என்பர். மாலுமிகளின் அறம் என்பது உண்மை. முதலாளிகளின் சட்டம் வெகுகாலம் வேறாக இருந்தது. 1781இல் சோங் என்னும் அடிமைக் கப்பலில், குடிநீர் போதாது என்று காரணம் கூறி, 130க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை உயிரோடு கடலில் எறிந்தனர். வழக்கு நடந்தது, கொலை வழக்கன்று! எறிந்த 'சரக்குக்கு' இன்ஷியூரன்ஸ் பணம் உண்டா இல்லையா என்னும் வழக்கு. ஆங்கிலக் கடற்சட்டத்திலும் மூழ்கும் கப்பலின் மிளகையும் பஞ்சையும் மீட்டவனுக்குக் கூலி உண்டு. உயிரை மட்டும் மீட்டவனுக்கு உரிமையாகக் கேட்கக் கூலி கிடையாது என்றே நெடுங்காலம் இருந்தது. 1910இல்தான் பிரஸ்ஸல்ஸ் நகரில் செய்த உடன்படிக்கை, தன் கப்பலுக்குப் பெருங்கேடு வாராத வரையில் ஒவ்வொரு காப்டனும் கடலில் உயிருக்குப் போராடும் எவரையும், பகைவனே ஆயினும், காத்தாக வேண்டும் என்று விதித்தது. நம் வைதீகரின் நூல்களில் ஒன்றான பௌதாயன தரும சூத்திரமோ கடற்பயணத்தையே சாதியிலிருந்து வீழ்த்தும் குற்றங்களின் பட்டியலில் சேர்த்திருந்தது. கலம் ஏறுவதே பாவம் என்றவனிடம், கலத்திலிருந்து ஒருவனைக் காப்பது எப்படி என்று கேட்டுப் பயனென்ன!

எவரையும் என்றது உடன்படிக்கை. ஆனால் டைட்டானிக்கின் படகுகளில் ஏறியவர் யார்? பிரிட்டிஷ் விசாரணை அறிக்கையின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். முதல் வகுப்பில் 144 மகளிர். 140 பேர் தப்பினர். மூன்றாம் வகுப்பில் 165 மகளிர். 76 பேர் தப்பினர். இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் 24 பேரும் தப்பினர். மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 79, தப்பியவர் 27. 'பெண்களும் குழந்தைகளும் முதலில்' என்ற வாசகத்தைப் பாடநூல்களில் படிக்கிறோம். எந்தப் பெண், எந்தக் குழந்தை என்பதை இந்தக் கணக்குச் சொல்கிறது. மூன்றாம் வகுப்பினரைத் தனியே பிரித்துவைக்கும் தடுப்புகள் இருந்தன. குடியேறுவோரைப் பிரித்துவைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். நோய் பரவாதிருக்க என்றனர். 'தீண்டாதே, தள்ளி நில்' என்பதற்குக் காரணம் கற்பிக்க எந்த நாட்டிலும் பஞ்சமில்லை! அந்த அறிக்கையோ, மூன்றாம் வகுப்பினர்க்கு வேறுபாடு காட்டப்படவில்லை என்று முடிவு கூறிற்று. அந்த மன்றத்தில் சாட்சி சொல்ல மூன்றாம் வகுப்புப் பயணி ஒருவரும் அழைக்கப்படவில்லை.

செத்தபின்னும் வகுப்பு சாகவில்லை. பிணங்களைத் தேட ஹாலிபாக்சிலிருந்து சென்ற மெக்கே-பென்னட் என்னும் கப்பல் 306 உடல்களைக் கண்டெடுத்தது. முதல் வகுப்பினர் உடல்களுக்குப் பெட்டி. மற்றப் பயணிகளுக்குக் கித்தான். பணியாளர்களுக்குப் பனிக்கட்டிக் குவியல். இடமில்லை என்று 116 உடல்களை மீண்டும் கடலிலேயே இறக்கினர். மூழ்கிய நேரத்தோடு பணியாளர்களின் சம்பளக் கணக்கையும் முடித்துவிட்டது முதலாளிக் கம்பெனி.

இனி, நம் தலைப்பிற்குரிய அறுவரைப் பற்றிக் கூற வேண்டும். டைட்டானிக்கின் மூன்றாம் வகுப்பில் எட்டுச் சீனர் இருந்தனர், கப்பல் தொழிலாளர்கள், நியூயார்க்கில் அன்னெட்டா என்னும் சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேரச் சென்றவர்கள். அறுவர் தப்பினர். ஒருவர் நீரில் மிதந்த மரத்தைப் பற்றிக் கிடந்து, திரும்பிவந்து தேடிய ஒரு படகினரால் தூக்கப்பட்டவர். நால்வர் ஒரே மடக்குப் படகில் இருந்தனர். அதே படகில் இன்னொருவரும் இருந்தார். டைட்டானிக்குக்கு உரிமைபூண்ட ஒயிட் ஸ்டார் கம்பெனியின் தலைவர் புரூஸ் இஸ்மே! ஒரே படகு, ஒரே குளிர், ஒரே கடல். கார்ப்பேதியாவின் கயிற்றேணி இருவரையும் ஒரே மாதிரிதான் ஏற்றியது. ஏறியபின் இஸ்மே மருத்துவரின் தனியறைக்குச் சென்றார். நியூயார்க் வரும்வரை வெளியே வரவில்லை. சீனர் மூன்றாம் வகுப்பிற்குச் சென்றனர்.

ஏப்ரல் 18 இரவு, கொட்டும் மழையில் கார்ப்பேதியா நியூயார்க்கை அடைந்தது. ஆயிரக்கணக்கான மக்கள் கூடி அழுதனர். மற்றவர்கள் இறங்கினர், வழக்கமான குடியேற்றச் சோதனைகளைக்கூட அரசு தளர்த்திற்று. ஆனால் இந்த அறுவர்க்கு மட்டும் கரை இல்லை. 1882இல் இயற்றப்பட்ட சீனர் விலக்குச் சட்டம் குறுக்கே நின்றது. நடுக்கடலில் நான்கு மணி நேரம் மரணத்தோடு மல்லாடிய தொழிலாளர்களை, நகரத்திற்குள் நுழையவிடாது, மறுநாளே அன்னெட்டாவில் ஏற்றி அனுப்பினர். மருத்துவமனை இல்லை, உதவி நிதி இல்லை. அது மட்டுமா? படகில் இருக்கைகளுக்கு அடியில் பதுங்கி வந்த கோழைகள் என்று ஏடுகள் எழுதின. மறுப்பதற்கு அவர்கள் அங்கே இல்லையே! நூறாண்டு கடந்தபின் ஆய்வாளர் சிலர் அந்தப் படகின் அளவிலேயே ஒரு படகு செய்து பார்த்தனர். பதுங்க இடமே இல்லை அதில். நெருங்கி உட்கார்ந்தால் பிறர் கண்ணுக்கு மறையும், அவ்வளவே.

சீனர் விலக்குச் சட்டம் 1943இல் நீக்கப்பட்டது. அப்போதும் ஆண்டுக்கு 105 பேருக்கே கதவு திறந்தது. அந்தச் சட்டத்திற்காக அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது 2012இல், டைட்டானிக் மூழ்கிய நூறாம் ஆண்டில். அறுவரில் ஒருவரும் கேட்க உயிரோடில்லை.

கார்ப்பேதியாவும் நெடுநாள் வாழவில்லை. 1918 ஜூலை 17ஆம் நாள், போர்க்காலத்தில், அயர்லாந்துக்குத் தென்மேற்கே ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று அதனைத் தாக்கி மூழ்கடித்தது. இயந்திர அறையில் இருந்த ஐந்து தொழிலாளர்கள் மாண்டனர். மற்றவர்கள் படகுகளில் இறங்கி நின்றனர். ஸ்னோடிராப் என்னும் சிறு போர்க்கப்பல் வந்து ஏற்றிக்கொண்டது.

இவையெல்லாம் பழங்கதை என்று சொல்வோருக்காக இரண்டு அண்மைக்காலச் செய்திகள். 2001 ஆகஸ்டு 26ஆம் நாள் டாம்பா என்னும் நார்வே சரக்குக் கப்பல், இந்தியப் பெருங்கடலில் மூழ்கும் நிலையிலிருந்த ஒரு மரப்படகிலிருந்து 433 அகதிகளை ஏற்றிற்று, பெரும்பாலோர் ஆப்கானியர். காக்கும்படி ஆஸ்திரேலிய அதிகாரிகளே செய்தி அனுப்பினர். காப்டன் ஆர்னே ரின்னன் காத்தார். காத்தவர்களை இறக்கக் கரை கேட்டபோது அதே ஆஸ்திரேலியா மறுத்தது! நோயாளிகள் இருக்கின்றனர் என்று கூறி, தடையை மீறி அவர் அதன் கடலெல்லைக்குள் நுழைந்தார். வந்தவர்கள் மருத்துவர்கள் மட்டுமல்ல, ஆயுதந்தாங்கிய படையினர். முடிவில் பலர் நவுரு என்னும் குட்டித் தீவுக்கும், சிலர் நியூசிலாந்துக்கும் அனுப்பப்பட்டனர். மறு ஆண்டில் ஐக்கிய நாடுகளின் அகதிகள் நிறுவனம் அந்தக் காப்டனுக்கும் மாலுமிகளுக்கும் கப்பல் உரிமையாளர்க்கும் நான்சென் விருது அளித்தது. கடலில் ஏற்றியவனுக்கு விருது, ஏற்றப்பட்டவனுக்கு முள்வேலி.

மற்றது, 2014 செப்டம்பர் 25. சைப்ரஸ் நாட்டுக்கு அருகே, புயலில் சிக்கித் தத்தளித்த ஒரு சிறு படகு. ஏறத்தாழ 300 சுற்றுலாப் பயணிகளோடு கிரேக்கத் தீவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த உல்லாசக் கப்பல் ஒன்று திசை மாறிச் சென்று 345 பேரை ஏற்றியது. பெரும்பாலோர் உள்நாட்டுப் போருக்குத் தப்பி ஓடிவந்த சிரியர். கப்பலின் பெயர் சலாமிஸ் பிலக்சேனியா. பிலக்சேனியா என்ற கிரேக்கச் சொல்லுக்கு, அயலான்மேல் அன்பு, விருந்தோம்பல் என்று பொருள். நம் மொழியிலும் விருந்து என்பதற்குப் புதுமை என்றே முதற்பொருள். முன்பின் அறியாத புதியவனே விருந்தினன். பெயருக்கேற்ப நடந்தது கப்பல். லிமசோல் துறைமுகத்தில் சுற்றுலாப் பயணிகள் இறங்கி வீட்டுக்குச் சென்றனர். காப்பாற்றப்பட்டவர்களோ இறங்க மறுத்தனர். இத்தாலிக்குக் கொண்டுசெல்லுங்கள் என்று மன்றாடினர். உயிர் கொடுத்த கப்பலை விட்டு இறங்கினால் எந்தக் கரையில், எத்தனை ஆண்டு, எந்த வேலிக்குள் என்பது அவர்களுக்குத் தெரியாதா? அதிகாரிகள் மணிக்கணக்கில் பேசினர். இரவு கழிந்தபின் ஒருவாறு இறங்கினர். பேருந்துகளில் ஏற்றி, நிக்கோசியா நகருக்கு அருகே கூடாரங்கள் அமைத்திருந்த முகாமுக்குக் கொண்டுசென்றனர்.